நட்ட நடுவில் ஒரு மரம்

மார்ச் 4

அண்ணா,

படத் திறப்பு விழா அன்று நான் சொல்லாமல் விட்டவற்றை எழுதுகிறேன்.

திரை விலகியதும் எல்லோரும் கை தட்டினார்கள். நீ என் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்டாய். "நல்லா இருக்கு" என்றேன். உன் படத்தில் ஓர் ஆள் நிற்கிறான் என்று சொல்லவில்லை. நீ கூப்பிடாமலே வந்தவன் அவன். ஒன்பதடி அகலப் படத்தின் நட்ட நடுவில் நின்றுகொண்டு, மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துக்குள் நுழைகிற எல்லோரையும் முறைக்கிறான். அதையும் சொல்லவில்லை. நிர்வாகி பக்கத்திலேயே நின்றார். அண்ணி புதுப்புடவையில் இருந்தார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் உண்மை பேசுவது அநாகரிகம் என்று நினைத்தேன். இப்போது உன் வீட்டில் நீ தனியாக உட்கார்ந்து படிப்பாய். இனி அநாகரிகம் இல்லை.

நீ வரைந்தது ஆற்றங்கரையில் ஒரு மரம், அக்கரையில் ஒரு மலை, இக்கரையில் பாதை. தெரியும். அழைப்பிதழிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் மரத்தை மலையுச்சிக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய். அதன் உருண்டைத் தழை உச்சியை மறைத்துவிட்டது. தழைக்கு இரண்டு பக்கமும் மலைச்சரிவு ஒரே மாதிரி இறங்குகிறது. அது தலை, இவை தோள்கள். போதாததற்கு, கீழே இரண்டு மூலையிலிருந்தும் இரண்டு பாதைகள் கிளம்பிவந்து மரத்தடியில் சேர்கின்றன. கால்களும் வந்துவிட்டன. ஆயிரம் இலைகளை ஒவ்வொன்றாக, நரம்பு தெரிய வரைந்து, கடைசியில் ஒரு பூச்சாண்டியைச் செய்திருக்கிறாய்.

வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். கழற்றினால் எனக்கு இலை தெரியாது, நரம்பு தெரியாது. இருட்டும் வெளிச்சமும் எங்கெங்கே எவ்வளவு கிடக்கின்றன என்பது மட்டும்தான் தெரியும். அப்படிப் பார்த்தபோதுதான் அவன் தெரிந்தான்.

இன்னும் இருக்கிறது. அக்கரைக் கோடு படத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது, மடித்துவைத்த துணியைப் பிரித்த மாதிரி. மேலே மூன்று மேகங்கள், ஒரே அளவு, ஒரே இடைவெளி, சட்டைப் பொத்தான் தைத்தது போல. வானத்தில் எதற்கு இத்தனை ஒழுக்கம்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை இதையெல்லாம் நீ கரிக்கோடு போடும்போதே சொல்லியிருப்பேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தைக் கிழிக்கலாம்; ஆனால் கிழிப்பதற்குள் படித்திருப்பாய்.

தங்கை

*

மார்ச் 9

நீதிபதி அம்மாவுக்கு,

தீர்ப்பு வந்து சேர்ந்தது. படிச்சேன். உங்க அண்ணியும் படிச்சா. படிச்சுட்டு சிரிச்சா.

ஆள் நிக்கிறானாம். விழாவுக்கு வந்த அத்தனை பேர்ல ஒருத்தர் கண்ணுக்கும் படாதவன் உன் கண்ணுக்கு மட்டும் படறான். கண் ஆஸ்பத்திரியிலதானே நின்னுட்டிருந்தே, அப்படியே ஒரு சீட்டு போட்டுக் காட்டிட்டு வந்திருக்கலாம்.

நான் ஒண்ணு கேக்கறேன். உனக்கு ஒரு இலை போடத் தெரியுமா? ஒரே ஒரு இலை. நீ நாலாங்கிளாஸ்ல போட்ட வாத்தை வீட்ல எல்லாரும் செருப்புன்னு நினைச்சோம். அம்மா அதை இன்னொரு செருப்போட ஜோடி சேர்த்து வாசல்ல வைக்காததுதான் பாக்கி. இப்ப நீ பத்திரிகை ஆபீஸ்ல பக்கம் கட்டறே. இரங்கல் விளம்பரத்தைச் சுத்திக் கறுப்புக் கட்டம் போடறே. அங்க ஒரு கட்டத்தை இடமாத்தி வச்சா செத்தவர் எழுந்து வந்து கேக்கப்போறதில்ல. அந்தத் தைரியத்துல மலையையும் மரத்தையும் இடமாத்தக் கிளம்பிட்டே.

மரம் நடுவுல இருக்கு. ஆமா. அதுதான் படத்துல முக்கியம், அதான் நடுவுல இருக்கு. கல்யாண வீட்ல மாப்பிள்ளையை ஓரத்துலயா உக்கார வைக்கறாங்க?

சீரியஸா ஒண்ணு சொல்றேன். பள்ளிக்கூட வேலையை விட்டுட்டேன். டிராயிங் மாஸ்டராவே செத்துப்போக எனக்கு இஷ்டமில்ல. ஆஸ்பத்திரிக்கு இன்னும் மூணு ஊர்ல கிளை இருக்கு, மூணுலயும் இதே மாதிரி ஒரு பெரிய சுவர். இந்தப் படம் நிலைச்சுதுன்னா அதெல்லாம் எனக்குத்தான்னு நிர்வாகி வாய்விட்டுச் சொல்லியிருக்கார். இந்த நேரத்துல கண்ணு வைக்காதே.

அம்மாகிட்ட உன் கடிதத்தைக் காட்டல. காட்டினா, "அவளுக்குப் பொறாமை"ம்பாங்க. எனக்கும் அதேதான் தோணுது.

அண்ணன்

*

மார்ச் 13

அண்ணா,

வாத்து செருப்பு மாதிரி இருந்தது உண்மை. ஆனால் அந்தச் செருப்பு தாளில் சரியான இடத்தில் இருந்தது.

எனக்கு இலை போடத் தெரியாது. எப்போதும் தெரிந்ததில்லை. உனக்கு எதையும் போடத் தெரியும். எங்கே போடுவது என்பது மட்டும் தெரியாது. எப்போதுமே தெரிந்ததில்லை. அதனால்தான் பதினான்கு வயதிலிருந்து நீ தாளுக்கு முன்னால் நின்றாய், நான் அறையின் கோடியில் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "இன்னும் இடது. இன்னும். வீட்டைச் சின்னதாக்கு. அந்தப் படகை எடுத்துவிடு." நீ திட்டிக்கொண்டே எடுப்பாய். எடுத்ததும் படம் மூச்சுவிடும். உனக்குப் பரிசு வாங்கித் தந்த ஒவ்வொரு படத்திலும் நான் எடுக்கச் சொன்ன ஏதோ ஒன்று இல்லாமல் இருக்கிறது. என் பங்கு அதுதான். இல்லாமல் இருப்பதற்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை என்று எனக்கும் தெரியும்.

நான் ஏன் நிறுத்தினேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு நகராட்சிக் கண்காட்சியில் ஒரு நிருபர் உன்னிடம், "யாராவது கூட உதவி பண்றாங்களா?" என்று கேட்டார். நீ சிரித்தபடி, "தங்கச்சி இருக்கா, டீ போட்டுக் குடுப்பா" என்றாய். நான் உன் பின்னால்தான் நின்றிருந்தேன். கையில் டீ இல்லை.

பொறாமை என்று அம்மா சொன்னால் சொல்லட்டும். பொறாமைப்பட அந்தப் படத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார். அது கண் மருத்துவமனை. காத்திருப்பவர்களில் பாதிப்பேர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மீதிப்பேருக்குக் கண்புரை. உலகத்தில் இத்தனை சுவர்கள் இருக்க, உன் இலை ஒன்றுகூடத் தெரியாத சுவராகப் பார்த்துப் பிடித்திருக்கிறாய். கண்ணாடியைக் கழற்றினால் நான் எதைப் பார்க்கிறேனோ, அதைத்தான் அங்கே எல்லோரும் பார்ப்பார்கள். உன் திறமை அங்கே விடுமுறையில் இருக்கிறது. இருப்பது நீ செய்யாமல் விட்ட என் வேலை மட்டும்தான்.

தங்கை

*

மார்ச் 24

உனக்கு,

நீ ஏதாவது ஆஸ்பத்திரிக்கு எழுதினியா? எழுதலைன்னா நல்லது.

நிர்வாகி போன் பண்ணார். ஒரு அம்மா கூடத்துக்குள்ள வந்ததும், "அங்க ஒருத்தர் நின்னு என்னையே பாக்கறார், நான் உள்ள வரல"ன்னு வாசல்லயே நின்னுட்டாங்களாம். வேற யாரோ, டோக்கன் எப்ப கூப்பிடுவீங்கன்னு மரத்துகிட்ட கேட்டாராம். நிர்வாகி சிரிச்சுட்டேதான் சொன்னார். ஆனா, "ஏதோ ஒண்ணு இடிக்குது சார், என்னன்னு சொல்லத் தெரியல"ன்னு முடிச்சார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கல.

நீ குதிக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை போய் சரி பண்ணிட்டேன். மரம் தனியா மொட்டையா நிக்கறதாலதான் அப்படித் தெரியுதுன்னு புரிஞ்சுது. கண்ணுக்கு வேற வேலை குடுத்தா அங்கயே நிக்காது. மரத்துப் பக்கத்துல குடை பிடிச்ச ஒரு சின்னப் பொண்ணு, சிவப்புப் பாவாடை. மேகத்துக்குக் கீழ ஒரு பறவைக்கூட்டம், நல்லா பரவலா. சத்தியமா சொல்றேன், அந்தப் பறவைங்க ஒவ்வொண்ணும் பறக்குது. உங்க அண்ணி பார்த்துட்டு, "இதை முதல்லயே போட்டிருக்கலாமே"ன்னா.

இது வெறும் தகவல். கருத்து கேக்கல.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அண்ணா,

நான் யாருக்கும் எழுதவில்லை. ஆனால் நேற்று விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, உன் படத்துக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலைப் பொழுது முழுக்க இருந்தேன். உன் வீட்டுக்கு வராததற்கு அண்ணி மன்னிக்க வேண்டும்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர், சொட்டு மருந்து விட்டவர். அவருடைய மகளும் இருந்தார். அவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அங்க நிக்கிறவர்தான் டாக்டரா?"

"எங்கப்பா?"

"அதோ. புள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு."

"அது படம்ப்பா."

"யாரு படம்? ஆஸ்பத்திரியைக் கட்டினவரா?"

"ஐயோ, மரம்ப்பா அது."

"மரத்துக்கு எதுக்குடி தோளு?"

மகள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் இப்ப அப்படித்தான் தெரியுது. சும்மா இருந்தவளையும் கெடுத்தீங்க" என்றார். அதற்கப்புறம் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஆக, தனியாக நின்றவனுக்கு நீ ஒரு குழந்தையைக் கொடுத்திருக்கிறாய். முன்பு அவன் பயமுறுத்த மட்டும் செய்தான். இப்போது பிள்ளை பிடிக்கிறவன் ஆகிவிட்டான்.

பறவைகளைப் பற்றி எழுத எனக்குச் சற்று நேரம் வேண்டியிருந்தது, சிரித்து முடிக்க. உன் படத்துக்கு நேர் கீழே சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள், நீ படித்திருக்கமாட்டாய்: கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் மிதப்பது போலத் தெரிந்தால் உடனே செவிலியரிடம் சொல்லவும். அதற்கு மேலே நீ வானம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகளை மிதக்கவிட்டிருக்கிறாய். நல்லா பரவலா. கட்டுப் பிரித்துக்கொண்டு வந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்தார், உடனே கையைத் தூக்கினார். "சிஸ்டர், கறுப்பா மிதக்குது. நிறைய." செவிலியர் அவரைப் பரபரப்பாக உள்ளே கூட்டிப் போனார். திரும்பி வந்து இன்னொரு செவிலியரிடம், "இன்னைக்கும் இப்படி ஒருத்தங்க, அக்கா. உள்ள பார்த்தா ஒண்ணுமே இல்ல" என்றார். மருத்துவர்கள் புதிதாக ஏதோ நோய் பரவுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உன் பறவைகள் உண்மையிலேயே பறக்கின்றன. அண்ணியிடம் சொல்.

நீ ஒரு தவறைக் கண்டால் அதை நகர்த்துவதில்லை. அதற்குத் துணைக்கு ஆள் சேர்க்கிறாய். எங்கள் அலுவலகத்திலும் சிலர் இப்படித்தான். தலைப்பு எடுபடவில்லை என்றால் பக்கத்தில் நட்சத்திரம் வரைவார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதே எப்படிச் சரிசெய்வது என்று தெரிந்துவிட்டது. மரத்தை நகர்த்த வேண்டாம். மொத்தம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் சொல்லமாட்டேன். கீழே வலது மூலையில், புல்லுக்குள் பழுப்பு நிறத்தில் உன் பெயர் இருக்கிறது. அதனுடன் என் பெயரும் இருக்கும் என்று எழுதிக்கொடு. சொல்கிறேன்.

தங்கை

*

ஏப்ரல் 8

நீதிபதி அம்மாவுக்கு,

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில உக்காரக்கூடச் சொல்லல. ஒரு வரியும் கூடக்குறைய இல்லாம எழுதறேன், உனக்கு அதுல ஒரு சந்தோஷம்.

"நீங்கதான் ஆர்ட்டிஸ்டா?"

"ஆமா சார்."

"எதுக்குய்யா வானத்துல புள்ளி வச்சீங்க?"

"பறவை சார்."

"எனக்குத் தெரியும் அது பறவைன்னு. என் பேஷண்டுக்குத் தெரியுமா? நல்லா இருக்கிற கண்ணையெல்லாம் நான் தினம் திரும்பத் திறந்து பார்த்துட்டிருக்கேன்."

நிர்வாகி பக்கத்துல நின்னுட்டு சுவரைப் பார்த்துட்டிருந்தார். இந்த மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணணும், இல்லேன்னா கழட்டிட்டு அருவி போட்டோ ஒண்ணு பெருசு பண்ணி மாட்டிக்கறோம்னு சொல்லிட்டாங்க. மத்த மூணு கிளைக்கும் அதே அருவிதானாம். அருவி. அதுல எந்தக் கையெழுத்தும் இருக்காது, உனக்கு நிம்மதி.

பறவையை அன்னிக்கே துடைச்சுட்டேன். அந்தப் பொண்ணையும் எடுத்துட்டேன். கண்ணீர் விடலை, ஆனா நல்ல பாவாடை அது.

பேர் விஷயம். முடியாது. சட்டைக்குள்ள தைச்சவன் பேர் இருக்கும். அளவெடுத்தவன் பேரை எந்தக் கடையிலயாவது பார்த்திருக்கியா? ஒன்பதடி கேன்வாஸ்ல ஒரு விரக்கடை நீ தொட்டதில்ல. தோள்பட்டை வலியில நான் ராத்திரி திரும்பிப் படுக்க முடியாம கிடந்தப்ப நீ எங்க இருந்தே? நாலு வார்த்தை சொன்னதுக்குப் பேர் வேணும்னா, சின்ன வயசுல "நேரா உக்காருடா"ன்னு சொன்ன அம்மா பேரையும் போடணும்.

அந்த டீ விஷயம் எனக்கு ஞாபகமே இல்ல. அப்படிச் சொல்லியிருந்தா சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பேன்.

இன்னொண்ணு. மரத்தை மேல பூசி அழிச்சுட்டு வேற இடத்துல போட முடியாது. எண்ணெய் வண்ணம் இலை இலையா தடிச்சிருக்கு, எது பூசினாலும் உருவம் தெரியும். ஒரு பக்கத்தை வெட்டிச் சின்னதாக்கலாம்னா, தச்சர் ஃபிரேமைச் சுவரோட திருகி மேல பட்டியும் அடிச்சுட்டார். சும்மா தெரிஞ்சுக்க எழுதறேன். வேற ஒண்ணுமில்ல.

அண்ணன்

*

ஏப்ரல் 12

அண்ணா,

அளவெடுக்காமல் தைத்த சட்டை எப்படி இருக்கும் என்றுதானே சுவரில் மாட்டிவைத்திருக்கிறாய்.

பெயர் வேண்டும் என்று கேட்டதை நான் திரும்பப் பெறவில்லை. நீ மறுத்ததையும் மறக்கப்போவதில்லை. ஆனால் இந்த ஒரு வாரமாக எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. கண்ணை மூடினால் அவன் நிற்கிறான். நேற்று அலுவலகத்தில் ஒரு பக்கம் கட்டினேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், நடுப்பத்தியில் நீளமாக ஒரு விளம்பரம், அதன் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் இரண்டு தலைப்புகள். உன் ஆள் என் பக்கத்துக்குள்ளும் வந்துவிட்டான். பக்கம் முழுவதையும் பிரித்துப் போட்டேன். பெயர் இல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம். ஒரு பொருள் தப்பான இடத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பழக்கமில்லை. ஆகவே எழுதுகிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

முதலில் தோளை உடை. வலது பக்கச் சரிவை ஏற்று. உச்சி மரத்துக்குப் பின்னால் இருக்கக் கூடாது. மரத்துக்கு வலப்பக்கம், நன்றாகத் தள்ளி, திறந்த வானத்தில் இருக்க வேண்டும். இடது பக்கச் சரிவைத் தழையின் பாதி உயரத்துக்குக் கீழேயே தணித்து, மூடுபனியில் கரைத்துவிடு. தலைக்கும் தோளுக்கும் இருந்த உறவு அத்துடன் முடிந்தது.

அடுத்து தலையை உடை. மரம் நடுவில் நிற்கட்டும், அதன் கனம் நடுவில் இருக்க வேண்டாம். இடது பக்கம் ஒரு கிளையை நீட்டு, தாராளமாக, ஒன்றரை அடிக்கு மேல். வலது பக்கத் தழைக்குள் வானத்தின் நிறத்தை ஓட்டை ஓட்டையாக வை. உனக்கு வலிக்கும். நீ நரம்பு தெரிய வரைந்த இலைகள் மேல்தான் அந்த ஓட்டைகள் விழும். ஓட்டைகள் ஒரே அளவில் இருக்கக் கூடாது. நீ மறுபடி பொத்தான் தைத்துவிடுவாய் என்பதால் சொல்கிறேன்.

வலது பாதையைப் புல்லால் மூடு. ஒரு பாதை போதும். அதுவும் மரத்தடிக்கு வந்து முட்டி நிற்காமல், மரத்துக்குப் பின்னால் வளைந்து ஆற்றுக்குப் போகட்டும். அக்கரைக் கோட்டைக் கீழே இறக்க முடியாது, தெரியும். அதன் முன்னால் இடது ஓரத்தில் நாணல் வளர்த்து அந்தக் கோட்டை மறை. நடு மேகத்தை அழி. இருக்கிற இரண்டில் ஒன்றைப் பெரிதாக்கு.

எதையும் புதிதாகச் சேர்க்காதே. கை அரிக்கும். படகு, கொக்கு, குடிசை, ஒன்றும் வேண்டாம்.

ஒவ்வொரு படியிலும் கூடத்தின் கோடிக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார். உனக்குக் கண் நன்றாகத் தெரிவதுதான் இதில் உன் துரதிர்ஷ்டம்.

தங்கை

*

ஏப்ரல் 29

உனக்கு,

முடிஞ்சுது.

முதல் ஞாயிறு மலை. ரெண்டாவது ஞாயிறு மரம். வலது பக்கத் தழையில முதல் ஓட்டை வைக்கறப்போ உன்னைக் கெட்ட வார்த்தையில திட்டினேன். கூடம் காலியா இருந்ததால நல்லா எதிரொலிச்சுது.

கோடியில நின்னு பாக்கறதுக்கு ஆள் இல்ல. ஏணியிலிருந்து இறங்கி நடந்து போறதுக்குள்ள நான் என்ன பண்ணேன்னு எனக்கே மறந்துடுது. வாட்ச்மேனை நிக்க வச்சேன். எது கேட்டாலும், "சூப்பர் சார்"ங்கறான். மலையை வைக்கறதுக்கு முன்னாடியும் சூப்பர், வச்ச பிறகும் சூப்பர். கடைசியில உங்க அண்ணியோட படிக்கற கண்ணாடியை மாட்டிக்கிட்டு தூரத்துலேர்ந்து பார்த்தேன். எல்லாம் மங்கிடுச்சு, தலை சுத்துச்சு. அப்பதான் மொத தடவையா தெரிஞ்சுது. இலை ஒண்ணுகூட இல்ல. ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் வெளிச்சம், நடுவுல ஒரு வழி. இதைத்தான் நீ பார்த்துட்டிருந்தியா இத்தனை வருஷமா? ரொம்ப வறண்ட உலகம்டி அது.

திங்கக்கிழமை பெரிய டாக்டர் வந்து நின்னார். ஒரு சொட்டு மருந்துக்காரரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, "எதிர்ல என்ன தெரியுது?"ன்னார். அவர், "ஏதோ வெளிய போற வழி மாதிரி இருக்கு சார்"ன்னார். டாக்டர் என்னைப் பார்த்து, "இருக்கட்டும்"னுட்டுப் போயிட்டார். அருவி ரத்து. மூணு கிளையும் எனக்குத்தான், நிர்வாகி கையெழுத்துப் போட்டுட்டார்.

உன் பேரையும் போட்டாச்சு. நானாத்தான் போட்டேன், நீ எழுதினதுக்காக இல்ல. இடது மூலையில. எங்க எங்கன்னு தேடிட்டு நீ மறுபடி ஒரு குத்தம் கண்டுபிடிப்பேன்னு, நல்லா பெருசா, வெள்ளையில போட்டிருக்கேன். கண்புரை இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியும். திருப்தியா?

அண்ணன்

*

மே 6

அண்ணா,

நேற்று வந்து பார்த்தேன்.

மலை சரியாக இருக்கிறது. மரம் மரமாகிவிட்டது. நீட்டிய கிளையை நான் நினைத்ததைவிட நன்றாக வரைந்திருக்கிறாய். அதன் நுனியில் அது சற்றுத் தயங்கி வளைகிறது, அதை என்னால் யோசித்திருக்க முடியாது. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பாதை ஆற்றுக்குப் போகிறது. கூடத்தில் யாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு குழந்தை அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு அம்மாவின் மடியில் தூங்கிப்போனது.

என் பெயரைப் படித்தேன். கண்ணாடியோடு, பக்கத்தில் போய். எழுத்துகள் அழகாக இருந்தன. உன் எழுத்து எப்போதும் அழகு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். செவிலியர் ஒருவர், "யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டார். ஒருவரையும் இல்லை என்றேன்.

பிறகு கோடிக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றினேன்.

இடது மூலையில் ஒரு வெள்ளைக் கறை. படம் முழுவதிலும் அதைவிட வெளிச்சமான இடம் வேறு இல்லை. அது மூலையில், விளிம்பை ஒட்டி இருக்கிறது. பார்வை பாதையில் இறங்கிக் கால் வைப்பதற்குள் கறை அதைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அங்கேதான் போய் விழுகிறது. மலையில்லை, மரமில்லை, ஆறு இல்லை. ஒரு மூலையில் சிந்திய சுண்ணாம்பு. நீ தெரிந்தே செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று பஸ் முழுக்க யோசித்தேன். தெரிந்து செய்திருந்தால் நீ நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரன். தெரியாமல்தான் செய்திருப்பாய்.

என் அலுவலகத்தில் வேறு யாராவது இப்படித் தன் பெயரைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தின் மூலையில் வைக்கச் சொல்லியிருந்தால் அவரைப் பற்றி நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். இத்தனை காகிதத்தில் உன்னைப் பற்றி எழுதியதைவிட மோசமாகச் சொல்லியிருப்பேன்.

அதை அழித்துவிடு. அடர்பச்சை, கொஞ்சம் பழுப்பு கலந்து, புல்லாகப் போடு. வெள்ளை மேலே தெரியாமல் இரண்டு பூச்சு வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, வலது மூலையில் உன் பெயருக்குப் பக்கத்தில், உன் பெயரின் நிறத்தில், அதே அளவில் என் பெயரை எழுது. யார் கண்ணுக்கும் படவேண்டியதில்லை. இருந்தால் போதும்.

தங்கை

*

மே கடைசி ஞாயிறன்று அண்ணன் அந்த மூலையில் புல் வரைந்தான். இரண்டு பூச்சு. ஜூனில் இரண்டாவது சுவருக்கான கரிக்கோட்டுப் படத்தை எனக்கு அனுப்பி, மரம் எங்கே நிற்கவேண்டும் என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தான். எழுதி அனுப்பினேன். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் அப்படியே. நான்கு சுவர்களிலும் படங்கள் மாட்டப்பட்டுவிட்டன. நான்கிலும் வலது மூலையில் இன்றுவரை ஒரு பெயர்தான் இருக்கிறது.